கோக் பாட்டிலும் கொக்கரையும்

ஆகாசத்துல போற விமானத்துல இருந்து ஒருத்தன் காலி கோக் பாட்டிலை வெளிய போடுவான். கீழ காலஹாரிப் பாலைவனத்துல இருக்குற சனங்க கையில அது கிடைக்கும். சாமி அனுப்பின சாமான்னு நெனச்சு கொண்டாடுவாங்க. பிறகு அதுக்காகவே தங்களுக்குள்ள அடிச்சுக்கிடுவாங்க. கடைசியில ஒருத்தர் அதை உலகத்தோட ஓரத்துல கொண்டு போட்டுட்டு வரக் கிளம்புவார். 1980-ல வந்த 'தி காட்ஸ் மஸ்ட் பி கிரேசி' படம். எங்க வயசுக்காரங்க உருண்டு உருண்டு சிரிச்ச படம், நானும் சிரிச்சிருக்கேன். அதுல நடிச்ச நிக்காவ்ங்கிறவர் படத்துக்கு முன்னாடியே சமையல்காரரா வேலை பார்த்தவர்னு பின்னாடி படிச்சேன். பாட்டிலைப் பார்த்து மிரளுற ஆளு இல்லை. மிரண்ட மாதிரி நடிக்கச் சொன்னாங்க, நடிச்சாரு.

காட்டுல இருக்குற சனங்களைப் பத்தி நாம வச்சிருக்குற கதை எல்லாம் இந்தத் தினுசுதான். எந்திரத்தைக் கண்டா பயந்து ஓடுவாங்க, இல்லைன்னா விழுந்து கும்பிடுவாங்க. பேச்சிப்பாறை வெள்ளத்துல பயிர் செய்யுறவன் நான். அந்த வெள்ளம் இறங்கி வாற மலையில காணிக்காரங்க இருக்காங்க. நல்லமிளகும் தேனும் வாங்க முப்பது வருஷமா அங்க போக்குவரத்து உண்டு. அந்தப் பழக்கத்துல பார்த்ததையும் கேட்டதையும் படிச்சதையும் சேர்த்து எழுதுறேன்.

காணின்னா நிலத்து உரிமைன்னு பழைய தமிழ். கல்வெட்டு முழுக்க அந்தச் சொல்லுதான். அப்போ காணிக்காரன்னா நிலத்துக்கு உடையவன். அந்தப் பேரை வச்சிருக்குறவங்க, 2006-ல வன உரிமைச் சட்டம் வந்த பெறவுதான் நிலத்துக்குக் காயிதம் கேட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்க வேண்டியதாச்சு. பேருக்குள்ளயே பட்டா இருக்கு, கையில இல்லை.

வெளியுலகம் தெரியாத சனங்கன்னு அவங்களைச் சொன்னா அது பொய். திருவிதாங்கூர் ராஜாவுக்கு ஓணத்தை ஒட்டித் தேனும் மலைச் சரக்கும் கொண்டு கொடுத்துட்டு, துணியும் மற்ற வெகுமதியும் வாங்கிட்டு வாற வழக்கம் உண்டு. மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குப் பயந்து காட்டுக்குள்ள ஓடினப்போ ஒளிச்சு வச்சது காணிகள்தான்னு அவங்க சொல்லுவாங்க. வேண்டிய நேரத்துல இறங்கி வந்து, வேண்டியதை வாங்கிக்கிட்டு, ஏறிப் போயிடுவாங்க. ஆனைக்குப் பயந்து மரத்து மேல ஏறுமாடம் கட்டி ராத்திரி தங்கின காலம் அது. ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் மந்திரமும் சாமி காரியமும் பிலாத்தி.

அந்தப் பிலாத்தி கையில ஒரு வாத்தியம் உண்டு. கொக்கரைன்னு பேரு. இரும்புத் தகட்டை உருட்டிச் செஞ்ச குழல், விளிம்பு பல்லு பல்லா வெட்டி இருக்கும். ஒரு இரும்புக் கம்பியால அந்தப் பல்லு மேல உரசினா கரகரன்னு ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேக்குறவனுக்குப் பல்லு கூசும். கேட்டுக்கிட்டே இருந்தா, ராத்திரிக் காடு முழுக்க ஒரு பூச்சியா மாறிக் கத்துற மாதிரி இருக்கும். நோய் தீர்க்க, கொடைக்கு, சாமியைக் கூப்பிட, சாற்றுப் பாட்டுக்கு எல்லாம் அதுதான் துணை.

எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். மூங்கிலும் நாரும் தோலும் இவ்வளவு கிடக்குற காட்டுல, சாமிகிட்ட பேசுறதுக்கு எதுக்கு இரும்பு? இரும்பு அவங்க காட்டுல விளையுறது இல்லையே. பழக்கமான ஒரு காணிப் பாட்டாகிட்ட கேட்டேன். எண்பது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு.

"பாட்டா, இந்தக் கொக்கரை யாரு செஞ்சது?"

"கீழ உள்ள கொல்லன் அடிச்சது மக்களே. சத்தம் நம்ம சத்தம்."

அவ்வளவுதான் பதில். வெத்தலையை மென்னுக்கிட்டு வேற பேச்சுக்குப் போயிட்டாரு.

ஒரு காலத்துல இரும்புதான் உலகத்துலயே புது எந்திரம். கொல்லன் உலைதான் அன்னைக்குத் தொழிற்சாலை. அங்க இருந்து வந்த சாமானை அவங்க கும்பிடவும் இல்லை, ஓரத்துல கொண்டு போடவும் இல்லை. தங்களுக்கு என்ன வேணுமோ அதைச் செய்ய வச்சுக்கிட்டாங்க.

இதே இரும்பு விவகாரம் அந்தமான்லயும் உண்டு. வடக்கு சென்டினல் தீவுல இருக்குற சனங்கதான் இன்னைக்கும் வெளியாளை ஒத்துக்காதவங்க. 1981-ல பிரிம்ரோஸ்னு ஒரு சரக்குக் கப்பல் அவங்க தீவுக்குப் பக்கத்துப் பாறையில தட்டி நின்னுட்டது. கப்பல்காரங்களை ஹெலிகாப்டர் வச்சுக் காப்பாத்திக் கொண்டு போனாங்க. கப்பல் அங்கேயே கிடந்தது. தீவுச் சனங்க அதுல இருந்து இரும்பு எடுத்து அம்புக்கு முனை வச்சுக்கிட்டாங்க. நாம கப்பல்னு பார்த்ததை அவங்க இரும்பு வயலாப் பார்த்திருக்காங்க. அறுவடை செஞ்சாங்க, அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி 1974-ல ஒரு படக்குழு போயி, கரையில பிளாஸ்டிக் கார் பொம்மை, ஒரு பாவைப் பொம்மை, உயிரோட ஒரு பன்னி, தேங்காய், அலுமினியப் பாத்திரம் எல்லாம் வச்சுட்டு வந்தது. பன்னியைக் குத்திப் பொம்மையோட சேர்த்து மண்ணுல புதைச்சுட்டாங்க. தேங்காயையும் பாத்திரத்தையும் எடுத்துக்கிட்டாங்க. படம் எடுத்தவர் தொடையில ஒரு அம்பு. சந்தையில சாமான் வாங்குற நம்ம வீட்டுப் பொம்பளைங்களை நெனச்சுப் பாருங்க. எது வேணும், எது வேண்டாம்னு அவங்களுக்குத் தெளிவாத் தெரியும்.

ஏன் அம்பு விடுறாங்கன்னு கேக்குறவங்க 1880-ஐயும் தெரிஞ்சுக்கிடணும். போர்ட்மன்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி அந்தத் தீவுல இறங்கி ஆறு பேரைப் பிடிச்சு போர்ட் பிளேருக்குக் கொண்டு போனான். வயசான ரெண்டு பேரும் சீக்கு வந்து செத்தாங்க. நாலு பிள்ளைகளைப் பரிசுப் பொருளோட திருப்பி விட்டான். பரிசுப் பொருளுக்கு அவங்க ஊருல என்ன அர்த்தம் ஆகியிருக்கும்னு நாமளே ஊகிக்கலாம்.

2004 டிசம்பர் 26-ந்தேதி நம்ம மாவட்டம் மறக்காது. மணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல் எல்லாம் கடல் ஏறி எத்தனை உசிரு போச்சு. சுமத்ராவுல பூமி ஆடி ரெண்டு மணி நேரத்துக்கு மேல கழிச்சுதான் தண்ணி நம்ம கரைக்கு வந்தது. செயற்கைக்கோள் இருந்தது, போன் இருந்தது, டிவி இருந்தது. கரையில நின்னவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஹைதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-லதான். அந்த அலைக்குப் பெறவு சென்டினல் தீவுல யாராவது மிச்சம் இருக்காங்களான்னு பார்க்க நம்ம ஹெலிகாப்டர் ஒண்ணு பறந்து போச்சு. கடற்கரையில ஒரு ஆளு வெளிய வந்து வில்லைத் தூக்கி ஹெலிகாப்டருக்குக் குறி வச்சான். அந்தப் படம் உலகம் முழுக்கப் பத்திரிகையில வந்தது. அதைப் பார்த்து 'பாவம், ஒண்ணும் தெரியாத சனங்க'ன்னு சொன்னவங்க உண்டு. எனக்கு என்னமோ, தெரியாமப் போனது நம்ம பக்கம்தான்னு தோணுச்சு.

எந்திரத்தை யாரு கும்பிடுறாங்கன்னு பார்த்தா அதுவும் சிரிப்புதான். எங்க ஊருக்கு முதல் டிராக்டர் வந்தப்போ குலவை போட்டு, ஆரத்தி எடுத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வயல்ல இறக்கினாங்கன்னு எங்கப்பா சொல்லுவார். இன்னைக்கும் ஆயுதபூஜை அன்னைக்கு என் பவர் டில்லருக்குச் சந்தனம் வச்சு சூடம் காட்டாம எனக்கு மனசு ஆறாது. நம்ம எந்திரத்துக்கு நாம பூ போடுறோம், காட்டுக்காரன் எந்திரத்தைக் கண்டு மலைச்சான்னு நாமதான் படமும் எடுக்குறோம்.

பயமும் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பயத்துல ஒரு கணக்கு இருக்கும். எட்கர் தர்ஸ்டன்னு சென்னை மியூசியத்துக்குத் தலைவரா இருந்த வெள்ளைக்காரர், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி 1909-ல ஏழு தொகுதி புஸ்தகம் போட்டவர். மண்டையை அளக்குற கருவி, மூக்கை அளக்குற கருவின்னு பெட்டி பெட்டியாத் தூக்கிக்கிட்டு மலை மலையா ஏறி அளந்தார். பணியர் பொம்பளைங்க அவரைக் கண்டதும் ஓடினாங்களாம். நல்ல ஆளாப் பார்த்துப் பொறுக்கி, பஞ்சு அடைச்சு மெட்ராஸ் மியூசியத்துல வைக்கப் போறான்னு அவங்களுக்குள்ள பேச்சு. அவரே சிரிச்சுக்கிட்டு எழுதி வச்சிருக்கார். எனக்கு அதுல சிரிக்க ஒண்ணும் தெரியலை. மியூசியத்துல புலியும் மானும் அப்படித்தானே நிக்குது? அளக்க வாறவன் எதுக்கு அளக்குறான்னுதான் அவங்க பார்த்திருக்காங்க.

அதுக்கும் முன்னாடி, 1855-ல, ஜான் ஆலன் பிரவுன்னு திருவிதாங்கூர் அரசாங்கத்து வானியலாளர் அகத்தியமலை உச்சியிலயே ஒரு ஆய்வுக்கூடம் போட்டார். பூமியோட காந்தத்தை அளக்க. அகத்தியர் காணிகளுக்குக் குரு. குருவோட தலைமாட்டுல ஒருத்தன் உக்காந்து ராவும் பகலும் முள்ளு ஆடுறதைப் பார்த்து நோட்டுல எழுதினா, மந்திரம் பண்ணுறது யாருன்னு பார்க்குறவனுக்குத்தான் சந்தேகம் வரும்.

இனி நம்ம அணை. மூலம் திருநாள் ராஜா காலத்துல 1897-ல வேலை தொடங்கி 1906-ல முடிஞ்சது. செலவு சுமார் 26 லட்சம் ரூபாய். பொறியாளர் மிஞ்சின். வாயில நுழையாத பேரை விட்டுட்டு, மூக்கைப் பார்த்து மூக்கன் துரைன்னு பேரு வச்சது நம்ம சனங்க. 1913-ல இறந்தப்போ அணைக்குப் பக்கத்துலயே அடக்கம் பண்ணினாங்க. நம்ம விவசாயிங்க அங்க மாலை போடுறது உண்டு, நானும் போட்டிருக்கேன். பழையாத்தையும் குளத்தையும் மட்டும் நம்பி இருந்த வயக்காட்டுக்குக் கோதையாத்து வெள்ளம் வந்த பெறவுதான் கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகத்தையும் தைரியமா இறக்க முடிஞ்சது. நான் சாப்பிடுற சோத்துல அந்த மனுசனுக்குப் பங்கு உண்டு.

அணைக்குப் பேரு வந்தது அவராலயும் இல்லை, ராஜாவாலயும் இல்லை. பேச்சிங்கிற அம்மன் இருக்குற பாறை. மலைச் சனங்க வச்ச பேரு அணை கட்டுன பெறவும் நின்னுட்டது.

அந்தப் பாட்டாகிட்ட அணையைப் பத்தியும் கேட்டிருக்கேன். அவ்வளவு பெரிய கல்லுக்கட்டு எழும்பி, ஓடுற ஆறு நின்னு ஏரியா ஆனப்போ ஒங்க பாட்டன்மாரு மலைச்சுப் போயிருப்பாங்க இல்லையான்னு.

"என்னத்துக்கு மலைக்கணும்? நாங்களும் மீன் பிடிக்க ஓடையை மறிச்சுக் கட்டுவோம்லா. மீன் பிடிச்ச பெறவு அவுத்து விட்டுருவோம். மூக்கன் அவுக்கவே இல்ல."

சொல்லிட்டு ஏரி நடுவுல ஒரு பக்கமாக் கை நீட்டினாரு. தன்னோட பாட்டன் கொத்திக் கிழங்கு வச்ச விளை அந்தத் தண்ணிக்கு அடியில இருக்குன்னு அவங்க வீட்டுப் பேச்சு. 1960-கள்ல அணையை 42 அடியில இருந்து 48 அடிக்கு உசத்தினாங்க. ஆறு அடிதானேன்னு நமக்குத் தோணும். சரிவான மலையோரத்துல ஆறு அடி ஏறினா எவ்வளவு நிலத்துக்குள்ள போகும்னு வரப்புக் கட்டுறவனுக்குத் தெரியும்.

நிலத்தை விட வழிதான் பெரிய காரியம். தோட்டமலை மாதிரி குடியிருப்புக்குப் போகணும்னா தண்ணியைத் தாண்டித்தான் போகணும். வள்ளம் இல்லாம ரேஷன் அரிசி போகாது, பிள்ளை பள்ளிக்கூடம் போகாது, ரப்பர் ஷீட்டு கடைக்கு வராது. பேறுகால வலி வந்தவளைத் துணியில தொட்டில் கட்டித் தூக்கிக்கிட்டு வந்து, வள்ளத்துக்குக் காத்து நின்ன கதை அங்க வீட்டுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நம்ம பக்கத்துல தண்ணிக்கு வெள்ளம்னு பேரு, படகுக்கு வள்ளம்னு பேரு. பாட்டா ஒருநாள் சொன்னது இது: "நீங்க வெள்ளம் தொறந்தா எங்க வள்ளம் தரை தட்டும் மக்களே." ஏரி வத்தினா கரை தூரமா விலகிப் போயிடும். சேத்துல இறங்கித் தலைச்சுமையோட நடக்கணும். நான் மடையில தண்ணி சலசலன்னு வாறதைக் கேட்டு நிம்மதியாத் தூங்குற ராத்திரி, அங்க ஒருத்தன் நாளைக்கு எவ்வளவு தூரம் சேறுன்னு கணக்குப் போடுறான்.

1970-லயும் 71-லயும் கோதையாறு மின் நிலையம் ரெண்டும் ஓட ஆரம்பிச்சது. ஒண்ணு 60 மெகாவாட், இன்னொண்ணு 40. அதைப் பத்தி அவர் சொன்னது ஒரே வரி. கம்பி எங்க தலைக்கு மேல போச்சு, வெளக்கு ஒங்க வீட்டுல எரிஞ்சுதுன்னு. பிறகு சோலார் விளக்கு வந்தப்போ எல்லாரையும் முந்திக்கிட்டு வாங்கினது அவர்தான். படிக்கவா பாட்டான்னு கேட்டேன். ஆனை வாழையில இறங்குதான்னு பார்க்கவாம். காட்டுல புலி கணக்கெடுக்க மரத்துல கேமரா கட்டி வச்சிருக்கிறதைப் பத்தியும் ஒரு நாள் சிரிச்சாரு. "புலியைப் பார்க்க வச்சதாம். அதுல நாந்தான் தினமும் ஆப்பிடுதேன்."

பெரிய எந்திரம் எல்லாம் கல்லாலும் கம்பியாலும்தான் செய்யணும்னு இல்லை. 1987-ல அகத்தியமலைக் காட்டுக்குள்ள விஞ்ஞானிங்க ஒரு குழுவாப் போனாங்க. வழி காட்டப் போன காணி இளவட்டங்க நாள் முழுக்க ஏறியும் களைக்கவே இல்லை. நடு நடுவுல ஏதோ ஒரு காயைத் தின்னுக்கிட்டே போறாங்க. கேட்டதுக்கு முதல்ல சொல்ல மறுத்தாங்க. வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள கட்டு. வற்புறுத்திக் கேட்ட பெறவு ஆரோக்கியப்பச்சையைக் காட்டிக் கொடுத்தாங்க. பாலோட்டுல இருக்குற வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்துக்காரங்க அதை ஆராய்ச்சி பண்ணி ஜீவனின்னு ஒரு மருந்து செஞ்சாங்க. 1995-ல அந்தச் செய்முறையைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்து, கிடைச்சதுல பாதி காணிகளுக்குன்னு முடிவு பண்ணினாங்க. அந்தப் பணத்துக்காக 1997-ல ஒரு அறக்கட்டளையும் வந்தது. மலைச் சனங்களோட அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் ஏற்பாடுகள்ல ஒண்ணுன்னு உலகம் முழுக்கப் பாராட்டினாங்க. பாராட்ட வேண்டியதுதான். கொடுக்காதவன்தானே நிறைய.

ஆனா அதே 1995-ல ஒன்பது பிலாத்திகள் சேர்ந்து கேரள முதலமைச்சருக்கு ஒரு கடுதாசி போட்டாங்க. எங்க அறிவைத் தனியார் கம்பெனிக்கு விக்கிறதை நாங்க ஒத்துக்கலைன்னு. ஆய்வுக்கூடத்தையோ குப்பியில வாற மருந்தையோ கண்டு மிரண்டவங்க எழுதுற கடுதாசி இல்லை அது. இலை போயி பொடியா வாற வித்தை அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு. யார் கையில இருந்து யார் கைக்குப் போகுதுங்கிறதுதான் அவங்க கேள்வி. காணிகளுக்குள்ளயும் எல்லாரும் ஒரே பக்கம் நிக்கலை. பங்கு வந்தா நல்லதுன்னு சொன்னவங்களும் இருந்தாங்க, நம்மகிட்ட யாரு கேட்டான்னு சண்டை போட்டவங்களும் இருந்தாங்க. நம்ம ஊர் பாசன சங்கத்துக் கூட்டம் மாதிரிதான்.

2020-ல கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டினப்போ, பாட்டாவோட பேரப்பிள்ளைங்களும் மத்த பிள்ளைங்க மாதிரி போன்ல படிக்கணும்னு ஆச்சு. சிக்னல் வீட்டுல கிடைக்காது. மேட்டுல ஒரு பாறை, அங்க ரெண்டு புள்ளி ஏறும். ஆனை நடமாட்டம் உள்ள இடம், அதனால பிள்ளைங்க பாறையில உக்காந்து படிக்க, பாட்டா கம்போட கீழ காவல். அப்போ நான் கேட்டேன், இந்தப் போனைப் பத்தி என்ன நெனைக்கீங்கன்னு.

"நல்ல சாமான்தான். ஆனா இதுக்கு நாமதான் ஏறிப் போக வேண்டியிருக்கு. கொக்கரைக்கு அது இறங்கி வரும்."

'அது'ன்னு அவர் சொன்னது சாமியை.

இப்போ பேரன் பெரியவனாகி ரப்பர் வெட்டுறான். தினமும் காலைல பேச்சிப்பாறை நீர்மட்டம் எங்க விவசாயக் குழு வாட்ஸ்அப்ல வரும், நான் அதை அப்படியே அவனுக்கும் தட்டி விடுவேன். எனக்குக் கும்பப்பூ கதிர் வாங்குற நேரத்துல இன்னும் எத்தனை நாள் மடை ஓடும்னு தெரியணும். அவனுக்கு வள்ளம் கரைக்கு வருமா, சேத்துல எவ்வளவு தூரம் நடக்கணும்னு தெரியணும். சில நாள் நான் அனுப்ப மறந்தா அவனே கூப்பிட்டுக் கேப்பான்: "மாமா, இன்னைக்கு எத்தனை அடி?"